மூட்டுக்குள்ளே நடப்பது என்ன?

காலை ஐந்து மணி. அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். எட்டு மணிக்கு முன்னர் தையல் நிலையத்திற்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்தச் சகோதரியால் தீப்பெட்டியைத் திறக்க முடியவில்லை. இரண்டு கைகளின் விரல்களும் வீங்கி விறைத்துக் கிடக்கின்றன. சுடுநீருக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்திற்கு மேல் இருந்த பின்னரே விரல்களை ஒருவாறு மடக்க முடிகின்றது. அவருக்கு வயது 41. கணவர் இல்லை. மூன்று பிள்ளைகளும் வயதான தாயாரும் அந்த இரண்டு கைகளை நம்பியே இருக்கின்றார்கள்.

"அக்கா, கையை ஆஸ்பத்திரியில காட்டினீங்களோ?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்.

"இது வாதம் பிள்ளை. அம்மாவுக்கும் இருக்குத்தானே. எண்ணெய் பூசினா மாறிப்போடும்."

இப்படிச் சொல்லிச் சொல்லியே பத்து மாதங்கள் கழிந்துவிட்டன.

அவருடைய தாயாருக்கும் மூட்டு நோ இருப்பது உண்மைதான். அவருக்கு வயது 66. நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. கிணற்றடிக்குப் போய்வந்தால் முழங்கால் உளையும். சற்று நேரம் காலை நீட்டி இருந்தால் நோ குறைந்துவிடும். காலையில் எழும்பும்போது விறைப்பு இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அது போய்விடும்.

தாய்க்கும் வாதம், மகளுக்கும் வாதம் என்று அயலில் உள்ளவர்கள் சொல்கின்றார்கள். ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றில் சில ஆண்டுகள் தாமதித்தாலும் பெரும் இழப்பு ஏற்படாமல் இருக்கலாம். மற்றையதில் சில மாதத் தாமதமே கையை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும். இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டுமானால் மூட்டுக்குள்ளே என்ன நடக்கின்றது என்பதைச் சற்று அறிந்திருக்க வேண்டும்.

மூட்டின் அமைப்பு

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. எலும்பும் எலும்பும் நேராக உராய்ந்தால் இரண்டுமே தேய்ந்துவிடும். அதனால் ஒவ்வோர் எலும்பின் நுனியிலும் வழுவழுப்பான வெண்மையான ஒரு படை பூசப்பட்டதுபோல இருக்கின்றது. இதுவே கசியிழையம். கோழிக்காலைச் சமைக்கும்போது எலும்பின் நுனியில் வெள்ளையாக மினுங்கும் பகுதியை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அதுவும் கசியிழையம்தான். முழங்காலில் இதன் தடிப்பு சில மில்லிமீற்றர்கள் மட்டுமே.

கசியிழையத்தை ஒரு பஞ்சு மெத்தைக்கு ஒப்பிடலாம். மெத்தைக்கு உறுதியான துணி உறை ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். உறைக்குள்ளே பஞ்சு வேண்டும். அந்த வேலையைச் செய்வது அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. அக்ரிகன் நீரை இழுத்து வைத்திருக்கும் இயல்புடையது. கசியிழையத்தின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் நீர்தான். நாம் கால் ஊன்றும்போது இந்த நீர் சற்றுப் பிழியப்படுகின்றது. காலைத் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சப்படுகின்றது. இதனால்தான் முழங்கால் எமது உடலின் பாரத்தைத் தாங்குகின்றது.

இந்தப் படைக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. நரம்புகளும் இல்லை. ஆகவே கசியிழையம் கெடத் தொடங்கும்போது அதிலிருந்து நோ வருவதில்லை. சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் பாதிக்கப்பட்ட பின்னரே எமக்கு நோ தெரிகின்றது. இரத்தம் ஓடாத காரணத்தால், தோலில் ஏற்பட்ட வெட்டுக்காயம் ஆறுவதுபோல இது விரைவில் ஆறுவதுமில்லை. இதற்குள் ஆங்காங்கே தனித்தனியாக வாழும் சில கலங்கள் உள்ளன. பழுதான அக்ரிகனை அகற்றிப் புதியதைச் செய்து வைப்பது அவற்றின் வேலை. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு ஒரு வழுக்கும் திரவத்தைச் சுரக்கின்றது. கசியிழையத்திற்கு உணவு அந்தத் திரவத்தின் வழியாகவே கிடைக்கின்றது. மூட்டு அசையும்போதுதான் அந்த உணவு நன்றாக உள்ளே செல்லும்.

ஒரு மூதாட்டியின் பரிசோதனை

கசியிழையம் ஏன் சிதைகின்றது? உராய்ந்து உராய்ந்து தேய்கின்றது என்றே நெடுங்காலமாகப் பலரும் எண்ணினார்கள். இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஒரு பெண். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஸ்ட்ரேன்ஜ்வேஸ் ஆய்வுகூடத்தை 1929 முதல் 1970 வரை வழிநடத்திய ஒனர் ஃபெல் என்னும் விஞ்ஞானியே அவர். பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அவர் ஆய்வை விடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் செய்த ஒரு பரிசோதனை 1977இல் வெளிவந்தது.

அவரும் அவருடைய சக ஆய்வாளரும் பன்றியின் மூட்டிலிருந்து கசியிழையத் துண்டுகளையும் மூட்டுச் சவ்வையும் எடுத்து ஆய்வுகூடத்தில் உயிருடன் வளர்த்தார்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஆனால் ஒன்றையொன்று தொடாமல் வைத்தார்கள். அப்போதும் கசியிழையம் சிதைந்தது. அங்கே உராய்வு இல்லை, பாரமும் இல்லை. அதே இடத்தில் உயிரற்ற கசியிழையத்தை வைத்துப் பார்த்தபோது அது சிதையவில்லை.

இதன் பொருள் என்ன? சவ்விலிருந்து ஏதோ ஒரு செய்தி திரவத்தின் வழியாகக் கசியிழையத்திற்குப் போகின்றது. அந்தச் செய்தியைக் கேட்ட கசியிழையக் கலங்கள், தாங்கள் கட்டிக் காத்த வீட்டைத் தாங்களே இடிக்கத் தொடங்குகின்றன. உயிரற்ற கலங்களால் செய்தியைக் கேட்க முடியாது. ஆகவே அவை இடிக்கவில்லை.

இந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் பொருளைத் தேடிய ஆய்வாளர்கள் அதற்கு 'கட்டபொலின்' என்று பெயர் வைத்தார்கள். அது வேறு ஆய்வாளர்கள் இரத்த வெண்கலங்களில் கண்டறிந்திருந்த இன்ரலூக்கின்-1 என்னும் பொருளே என்பது 1980களின் நடுப்பகுதியில் தெரியவந்தது. 1986இல் ரி.என்.எவ். என்னும் இன்னொரு பொருளும் கசியிழையத்திற்கு இதே கெடுதலைச் செய்கின்றது என்று கண்டுபிடிக்கப்பட்டது.

அழற்சியின் தூதர்கள்

இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6, ரி.என்.எவ். போன்றவற்றைப் பொதுவாக சைற்றோகைன்கள் என்று அழைப்பார்கள். இவை ஒரு கலம் இன்னொரு கலத்திற்கு அனுப்பும் தூது என்று விளங்கிக்கொள்ளலாம். இவை எமக்குப் பகையானவை அல்ல. காலில் முள் குத்தி அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்குவது இவற்றின் வேலைதான். கிருமிகளை எதிர்ப்பதற்கு இவை வேண்டும். வேலை முடிந்ததும் இவை அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மூட்டுக்குள்ளே மாதக்கணக்கில் தங்கிவிடும்போதுதான் தீங்கு தொடங்குகின்றது.

அப்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, தூது கிடைத்த கசியிழையக் கலங்கள் புதிய கொலாஜனையும் அக்ரிகனையும் செய்வதைக் குறைத்துவிடுகின்றன.

இரண்டாவது, அவை அக்ரிகனேஸ் என்னும் நொதியங்களைச் சுரக்கின்றன. இவை கத்தரிக்கோல் போல அக்ரிகனை வெட்டுகின்றன. மெத்தையிலிருந்து பஞ்சு போய்விடுகின்றது. நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை. கசியிழையம் மென்மையாகித் தளர்கின்றது. இந்தக் கட்டத்தில் அழற்சி அடங்கினால் கலங்கள் ஓரளவிற்கு மீண்டும் பஞ்சை நிரப்பிக்கொள்ளக்கூடும்.

மூன்றாவது, கொலாஜினேஸ் என்னும் நொதியங்கள் கொலாஜன் நாரையே வெட்டுகின்றன. இவற்றுள் எம்.எம்.பி.-13 என்பது மிகவும் வலியது. மெத்தையின் உறையே கிழிந்துவிட்ட நிலை இது. வளர்ந்தோரின் கசியிழையத்தில் உள்ள கொலாஜன் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய அப்படியே இருப்பது. அது போனால் பழையபடி கட்டியெழுப்ப உடலால் இயலாது.

நான்காவது, உடைந்த துண்டுகள் மூட்டுத் திரவத்தில் மிதந்து சவ்வை உறுத்துகின்றன. சவ்வு மேலும் வீங்கி மேலும் தூதர்களை அனுப்புகின்றது. இதுவே ஒரு வட்டமாகச் சுற்றத் தொடங்குகின்றது. இதே வேளையில் புரஸ்ரகிளாண்டின் என்னும் பொருளும் உண்டாகி நோவை அதிகரிக்கின்றது. நாம் வாங்கிப் போடும் நோ மாத்திரைகளுள் பல இந்தப் புரஸ்ரகிளாண்டினையே குறைக்கின்றன. நோ குறையும். ஆனால் கத்தரிக்கோல்கள் தொடர்ந்து வெட்டிக்கொண்டுதான் இருக்கும். "நோ நின்றுவிட்டது, ஆகவே வருத்தமும் நின்றுவிட்டது" என்று நாம் ஏமாறுவது இதனால்தான்.

தாயின் நோயும் மகளின் நோயும்

தாயாருக்கு இருப்பது தேய்மான மூட்டுவாதம். வயது, உடற்பாரம், பழைய காயம், ஆண்டுக்கணக்கில் குந்தியிருந்தும் பாரம் சுமந்தும் செய்த வேலை ஆகியவை கசியிழையத்தை வருத்த, அங்கே மெதுவான அழற்சி உண்டாகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் சுமார் 52 கோடி 80 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களுள் 60 வீதமானோர் பெண்கள். முழங்காலே அதிகம் பாதிக்கப்படும் மூட்டு.

மகளுக்கு வந்திருப்பது முடக்குவாதம். இங்கே உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி வழிதவறித் தனது மூட்டுச் சவ்வையே தாக்குகின்றது. சவ்வு தடித்து, களைபோல வளர்ந்து, கசியிழையத்தின் மீது படர்ந்து அதனை அரிக்கின்றது. அதற்குக் கீழே உள்ள எலும்பையும் கரைக்கின்றது. சிலருக்கு நுரையீரலையும் கண்ணையும் இருதயத்தையும்கூட இந்த நோய் பாதிக்கின்றது. 2019இல் உலகில் சுமார் 1 கோடி 80 இலட்சம் பேருக்கு இது இருந்தது. இவர்களுள் 70 வீதமானோர் பெண்கள். இது முதுமையில் மட்டும் வரும் நோயல்ல. இருபது, முப்பது வயதிலும் வரும். குழந்தை பிறந்த பின்வரும் மாதங்களிலும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் தொடங்குவது அதிகம்.

வீட்டிலேயே இரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம்.

காலை விறைப்பு அரை மணித்தியாலத்திற்குள் போய்விட்டால் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணித்தியாலம் வரை அல்லது அதற்கு மேலும் நீடித்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும்.

வேலை செய்யச் செய்ய நோ கூடி, இளைப்பாறினால் குறைவது தேய்மானம். இளைப்பாறிய பின் கூடி, அசைந்து வேலை செய்யச் சற்றுக் குறைவது முடக்குவாதம்.

இரண்டு கைகளிலும் ஒரேமாதிரியாக, மணிக்கட்டும் விரல் அடி மூட்டுக்களும் பஞ்சுபோல வீங்கிச் சுடுவது முடக்குவாதத்தின் அடையாளம். அதனுடன் களைப்பு, பசியின்மை, மெல்லிய காய்ச்சல் என்பனவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சிக்குன்குனியாக் காய்ச்சலின் பின்னரும் பல மாதங்களுக்கு மூட்டுக்கள் வீங்கி நோகக்கூடும். எமது நாட்டில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் அந்நோய் பரவியபோது பலர் இப்படி வருந்தினார்கள். அண்மையிலும் அது மீண்டும் தலைகாட்டியது. ஆகவே மூட்டு நோ தொடங்குவதற்கு முன் காய்ச்சல் வந்திருந்தால் அதனை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

போர் விட்டுச்சென்ற மூட்டுக்கள்

2009இல் போர் முடிந்தது. ஆனால் உடலுக்குள் அது முடியாத பெண்கள் எம்மிடையே பலர் இருக்கின்றார்கள்.

மூட்டுக்குள்ளே எலும்பு முறிந்தவர்களுக்கும் முழங்கால் நாண் அறுந்தவர்களுக்கும் காயம் ஆறிப் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின் அதே மூட்டில் தேய்மான வாதம் வரக்கூடும். காயப்பட்ட நாளிலேயே அந்த மூட்டுக்குள் சைற்றோகைன்கள் பெருகிக் கசியிழையத்தின் சிதைவு தொடங்கிவிடுகின்றது. ஆகவே நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு ஒரு முழங்கால் மட்டும் நோகுமானால் "இந்த வயதில் உனக்கு என்ன வாதம்" என்று யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. பழைய காயத்தை வைத்தியரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

ஒரு காலை இழந்தவர்கள் மற்றைய காலிலேயே அதிக பாரத்தைப் போட்டு நடப்பதால் அந்த நல்ல காலின் முழங்கால் விரைவில் கெடுகின்றது. செயற்கைக் கால் தளர்ந்துவிட்டாலும் உயரம் பொருந்தாவிட்டாலும் இது இன்னும் கூடும். "நடக்கக்கூடியதாகத்தானே இருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் அதே காலைப் போட்டுக்கொண்டிருக்காமல், குறித்த காலத்தில் செயற்கைக் கால் செய்யும் நிலையத்திற்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்வது நல்ல காலைக் காப்பாற்றும்.

உடலில் ஷெல் துண்டுகள் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் கருவியின் வலிய காந்தம் இரும்புத் துண்டுகளை அசைத்துவிடக்கூடும். எக்ஸ்ரே எடுப்பதால் இந்த ஆபத்து இல்லை.

மனதில் பட்ட காயத்தையும் இங்கே விட்டுவிட முடியாது. பெரும் அதிர்ச்சியின் பின் மனநெருக்கீட்டு நோய்க்கு ஆளானவர்களுக்கு, முடக்குவாதம் உட்பட உடல் தன்னையே தாக்கும் நோய்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக வந்தன என்று சுவீடனில் பெருந்தொகையானோரைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. துயரம்தான் நோயைத் தந்தது என்று இதனால் முடிவுசெய்துவிட முடியாது. ஆயினும் நித்திரை இன்மையும் தொடர்ந்த மனநெருக்கீடும் இரத்தத்தில் இன்ரலூக்கின்-6 போன்ற தூதர்களைக் கூட்டுகின்றன என்பதும், நோவைத் தாங்கும் சக்தியைக் குறைக்கின்றன என்பதும் தெரிந்தவை. ஆகவே இரவில் நித்திரை வரவில்லை என்பதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதுவும் மூட்டின் கதைதான்.

சிகிச்சை உண்டா?

முடக்குவாதத்திற்கு உண்டு. மற்றொரு பெண் விஞ்ஞானியின் பங்கு இதிலும் இருக்கின்றது. இலண்டன் கென்னடி வாதநோய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பியனூலா பிரெனன், நோயாளரின் மூட்டுச் சவ்வை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அதில் ரி.என்.எவ். என்னும் ஒரேயொரு தூதரைத் தடுத்தால் இன்ரலூக்கின்-1 உண்டாவதும் குறைந்துவிடுகின்றது என்று 1989இல் காட்டினார். அவருடன் பணியாற்றிய மார்க் ஃபெல்ட்மனும் இந்தியாவின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் 1992இல் ரி.என்.எவ்.ஐத் தடுக்கும் ஊசியை முதன்முதலாக நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நடக்க வருந்தியவர்களுக்குச் சில வாரங்களிலேயே வீக்கம் வற்றியது. இன்று உலகெங்கும் பயன்படும் பல ஊசி மருந்துகளுக்கு இதுவே தொடக்கம்.

இந்த ஊசிகள் விலை கூடியவை. ஆனால் அநேகருக்கு முதலில் அவை தேவைப்படுவதில்லை. உலகெங்கும் முதலில் கொடுக்கப்படுவது மெதோட்ரெக்சேற் என்னும் மலிவான மாத்திரை. இது நோயின் வேரிலேயே வேலை செய்து மூட்டு அரிபடுவதைத் தடுக்கின்றது. நோ தொடங்கி மூன்று மாதங்களுக்குள் சிகிச்சையை ஆரம்பித்தால் மிகுந்த பலன் உண்டு. இதைப் பாவிப்பவர்கள் சில விடயங்களைக் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டும்.

இது கிழமையில் ஒரு நாள் மட்டும் போடும் மருந்து. தவறுதலாக நாளாந்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த நாள் என்பதைக் கிளினிக் கொப்பியிலும் கலண்டரிலும் எழுதி வையுங்கள்.

வைத்தியர் சொல்லும் நாட்களில் போலிக் அமில மாத்திரையும் போட வேண்டும். இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

கர்ப்பிணிகள் இதனைப் பாவிக்கக் கூடாது. குழந்தை பெற விரும்பினால் முதலிலேயே வைத்தியரிடம் கூறி, மருந்தை மாற்றி, அவர் சொல்லும் காலம்வரை காத்திருக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பாவிக்கக்கூடிய வேறு மருந்துகள் உள்ளன.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும். "இரண்டு கிழமை போட்டன், ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரெரொயிட் மாத்திரைகள் விரைவில் சுகம் தரும். ஆனால் வைத்தியரின் கண்காணிப்பு இன்றி நீண்டகாலம் போட்டால் எலும்பு மெலியும், சீனி வருத்தம் வரும், கிருமிகள் எளிதில் தொற்றும். நீண்டகாலம் போட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பெயர் இல்லாத பொட்டலங்களில் விற்கப்படும் 'வாதத் தூள்', 'வாதக் குளிசை' சிலவற்றில் ஸ்ரெரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஒரே நாளில் நோ முழுவதும் போய்விட்டால் மகிழ்ச்சியடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

தேய்மான வாதத்தைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்ரலூக்கின்-1ஐயும் ரி.என்.எவ்.ஐயும் தடுக்கும் மருந்துகளை இந்நோய்க்கும் பரிசோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. போன கசியிழையத்தைத் திரும்ப வளர்க்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆட்டுக்கால் சூப் குடித்தால் முழங்காலில் சவ்வு வளரும் என்பதும் உண்மையல்ல. அந்தச் சூப்பின் புரதம் வயிற்றில் சமிபாடடைந்து மற்றைய உணவுகளைப் போலவே உடலில் சேர்கின்றது. ஆனால் நோவைக் குறைத்து நல்லபடி நடமாடும் வழிகள் நிச்சயமாக உண்டு.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முழங்காலுக்கு முதல் மருந்து தொடைத்தசையின் பலம். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்யுங்கள். தொடக்கத்தில் சற்று நோ இருந்தாலும் கெடுதல் இல்லை. அசையாத மூட்டுக்கு உணவு போகாது.

உடற்பாரம் கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகின்றது என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணித்தது. உடற்கொழுப்பும் அழற்சித் தூதர்களைச் சுரப்பதால் இதில் இரட்டை நன்மை உண்டு. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, கீரையும் மரக்கறியும் சூடை, சாளை போன்ற சிறுமீனும் சேர்த்துக்கொள்ளலாம். முடக்குவாதம் உள்ளவர்கள் மெலிந்து போகாமல் சாப்பிட வேண்டும்.

குந்தியிருந்து செய்யும் வேலையை உயர்த்திக்கொள்ளுங்கள். அடுப்பைக் கல் அடுக்கி உயர்த்தலாம். காய்கறி நறுக்கவும் உடுப்புத் தோய்க்கவும் ஓர் உயரமான ஸ்ரூலைப் பாவிக்கலாம். மலசலகூடத்தில் குந்த முடியாதவர்கள் நடுவில் துளையிட்ட கதிரையை வைத்துக்கொள்ளலாம்.

நிறைந்த வாளி ஒன்றை ஒருமுறை தூக்குவதைவிட அரை வாளியாக இருமுறை தூக்குங்கள். போத்தல் மூடியைத் திறக்க விரல் நுனியை வருத்தாமல் உள்ளங்கையைப் பாவியுங்கள். ஊன்றுகோல் பிடிப்பதானால் நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

விறைப்பிற்குச் சூட்டு ஒத்தடம் இதம் தரும். எண்ணெய் பூசி மெதுவாக உருவுவதாலும் தீங்கில்லை. ஆனால் முடக்குவாதத்திற்கு எண்ணெய் மட்டும் மருந்தாகாது. சூடாகி வீங்கிய மூட்டைப் பலமாக உருவவும் கூடாது.

பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரையை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போடக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் அதைவிடக் குறைவாகவே போட வேண்டும். டைக்குளோபெனக் போன்ற மாத்திரைகளைப் பாமசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது குடலில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் தரும். பிரஷர் உள்ளவர்கள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத வேளைகள்

ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்து, அசைக்கவே முடியாது போனால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில நாட்களிலேயே அது மூட்டை அழித்துவிடும்.

கை விரல்களில் வீக்கமும் நீண்ட காலை விறைப்பும் ஆறு வாரங்களுக்கு நீடித்தால் மேலும் காத்திராமல் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிற்குச் சென்று, வாதநோய்க் கிளினிக்கிற்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. இரத்தப் பரிசோதனை ஒன்றில் 'இல்லை' என்று வந்தாலும் முடக்குவாதம் இருக்கக்கூடும். ஆகவே எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எத்தனை மணிக்கு விரல் மடங்கியது, எந்தெந்த மூட்டுக்கள் வீங்கின என்று ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்கு அந்தத் தாள் பெரிய உதவியாக இருக்கும்.

நாம் தொடக்கத்தில் சொன்ன சகோதரி பதினோராவது மாதத்தில்தான் கிளினிக்கிற்குப் போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் மாத்திரை போடுகின்றார். காலையில் தீப்பெட்டியைத் திறக்கின்றார். தையல் மெசினிலும் இருக்கின்றார். ஆனால் வலது கையின் இரண்டு விரல்கள் பக்கவாட்டாக வளைந்துவிட்டன. அவை இனி நிமிரா. ஊசியில் நூல் கோர்ப்பதற்கு இளைய மகளைக் கூப்பிட வேண்டியிருக்கின்றது. தாயார் கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கின்றார். பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொடுக்கின்றார்கள்.

"முதலே போயிருந்தா இந்த விரலும் தப்பியிருக்கும் பிள்ளை" என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு.

எமக்கு வேலை அதிகம். எமது உடலைப் பார்க்க நேரம் இல்லை. பிள்ளையின் காய்ச்சலுக்கு ஓடுகின்ற நாம் எமது கைக்கு எண்ணெயைப் பூசிவிட்டுப் படுக்கின்றோம். ஆனால் அந்தக் கையில்தான் பிள்ளைகளின் சோறும் இருக்கின்றது. இந்த மாதம் உங்கள் அயலில் யாராவது ஒரு பெண், காலையில் விரல் மடக்க முடியாமல் இருக்கின்றாளா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், அவளுடன் ஒரு நாள் பஸ் ஏறுங்கள்.